தண்ணி குறையாத வீடு

அந்தக் கேனை மட்டும் கால் வச்சு இடிச்சிராதீங்கம்மா. மூடி கொஞ்சம் லூசு. பழைய துணியைச் சுத்தி இறுக்கித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் இந்த வண்டி குலுங்குத குலுக்குக்குக் கசியத்தான் செய்யுது. எண்ணெய்யா? எண்ணெய் இல்ல, தண்ணி. கண்டக்டரும் அதையேதான் கேட்டான். மூடியைத் திறந்து மோந்து பாருய்யான்னு காட்டினேன். மழைத்தண்ணின்னதும் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, லக்கேஜ் போடணும்னான். பொம்பளைக்கு டிக்கெட் கிடையாது, பொம்பளை கொண்டு போற தண்ணிக்கு டிக்கெட்டா, இது எந்த ஊரு நியாயம்னு கேட்டேன். போம்மா, போயி உக்காருன்னுட்டான்.

நீங்க எதுவரைக்கும்? குறுக்குச்சாலையா? நானும் அங்கதான் இறங்கணும். அங்கன இன்னொரு டவுன் பஸ் பிடிச்சுத் தூத்துக்குடி. கோயில்பட்டியில இருந்து எட்டயபுரத்துக்கு ஒண்ணு, இது ரெண்டாவது, குறுக்குச்சாலையில மூணாவது. நேரா எக்ஸ்பிரஸ் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அதுல காசு குடுக்கணும்லா. சும்மா கூட்டிட்டுப் போற வண்டி மூணு இருக்கும்போது காசு குடுத்துப் போக எனக்கு என்ன கிறுக்கா? காலையில எங்க வீட்டுக்காரரு தலையால தண்ணி குடிச்சாக. இன்னைக்கு ஒரு நாளாவது எக்ஸ்பிரஸ்ல வா, நேரத்துக்குப் போயிரலாம்னு. நீங்க முன்னால போங்க, நான் வந்து சேருதேன்னு அனுப்பிட்டேன்.

பேத்தியைத் தொட்டில்ல போடுத விசேஷம்மா. மத்தியானத்துக்குள்ள நல்ல நேரம் முடியுது. எங்க பக்கத்து முறை என்னன்னா, பிள்ளையப் பெத்தவளோட அம்மா இருக்கால்லா, அவதான் முதல்ல பிள்ளையத் தூக்கித் தொட்டில்ல கிடத்தணும். அதுக்குப் பிறகுதான் மத்தவுக தொடணும். நான் போகாம அங்க ஒண்ணும் நடக்காது. அதான் பதறாம உக்காந்திருக்கேன்.

தண்ணி எதுக்குன்னா, பேத்தியைக் குளிப்பாட்ட. சிரிக்காதீங்க. சம்பந்தி வீட்டுல போர் தண்ணி, வாயில வச்சா கரிக்கும். போன்ல பிள்ளையக் காட்டுனப்போ பாத்தேன், கழுத்து மடிப்புல எல்லாம் பொரிப்பொரியா செவந்து கிடக்கு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. எங்க வீட்டுத் தொட்டியில மழைத்தண்ணி தொடாம அப்படியே நிக்கு. பாலு மாதிரி தண்ணி. அது இங்க நிக்கு, பிள்ளை அங்க உப்புத்தண்ணியில குளிக்கி. யாரால? எல்லாம் எம் மகளால. என் வயித்துல பிறந்ததே எனக்குக் குழி பறிச்சிட்டு.

நீயும் எம் மக செண்பகா வயசுதான் இருப்ப. நீன்னே சொல்லுதேன், தப்பா நினைக்காத. நீயே கேட்டு நியாயம் சொல்லு.

எங்க ஊரு தண்ணிப் பஞ்சம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். குழாயில எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. செண்பகா பிறந்தது நல்ல சித்திரை. எங்கம்மா கிடையாது, பாக்க ஆள் இல்ல. பச்சை உடம்போட நானே குடத்தைத் தூக்கிட்டுப் போயி லாரித் தண்ணிக்கு நின்னேன். ஒருத்தி தள்ளிவிட்டு விழுந்தேன். இடுப்புல அந்த வலி இன்னைக்கும் இருக்கு, மழை வரப்போகுதுன்னா முன்னாலயே சொல்லிரும். அன்னைக்கு விழுந்து கிடந்த இடத்துலயே நினைச்சேன். எம் மக பிள்ளை பெத்துட்டு என் வீட்டுக்கு வரும்போது தண்ணிக்குன்னு அவ தவிக்கக் கூடாது. அதுக்குத்தான்மா எல்லாமே. கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கெட் போட்டுப் போட்டு விரல் தேய்ஞ்சது எதுக்கு? அதுக்குத்தான்.

முதல்ல தொட்டி கட்டினேன். வீட்டு முன்னால தரைக்கடியில, ஆள் இறங்கி நிக்கலாம், அவ்வளவு ஆழம். மொட்டைமாடியில விழுற மழை பைப் வழியா இறங்கி, ஜல்லி, மணல், கரி எல்லாம் தாண்டி அதுக்குள்ள போயிரும். ரெண்டு ஐப்பசி மழை பிடிச்சேன். அப்புறம் மகளிர் குழுவுல லோன் போட்டு மாடியில சோலார். தெருவே வேடிக்கை பாத்தது. அன்னையில இருந்து எங்க வீட்டுக் கரண்ட் பில்லு சைபர். நீ எந்த வீட்டுலயாவது கேட்டிருக்கியா?

சும்மா வந்துருமா சைபர்? அதுக்கு வீட்டுல ஒரு ஒழுங்கு வேணும். வெயில் இருக்கும்போதே மிக்ஸி, மோட்டார், அயர்ன் எல்லாத்தையும் முடிச்சிரணும். பொழுது அடைஞ்சா அது போர்டு கரண்ட், தொடப்பிடாது. சோலார் மாட்டினவரு என்னமோ சொல்லத்தான் செஞ்சாரு, பகல்ல நீங்க அனுப்புத கரண்ட் உங்க கணக்குல நிக்கும், ராத்திரி தாராளமா எடுத்துக்கலாம்னு. எடுத்துக்கிட்டா அப்புறம் மிச்சம் என்னத்துல நிக்கும், சொல்லு. கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லுவான். தண்ணியும் அப்படித்தான். அரிசி கழுவுன தண்ணி பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவுன தண்ணி வாழைக்கு. அந்த வாழையில வெட்டுன சீப்புதான் இந்தப் பையில இருக்கு. ஒரு பழம் திங்கியா? சரி, பொறவு தாரேன். சீர் கொண்டு போறது, குறைஞ்சாப்புல தெரியப்பிடாது.

செண்பகா வந்தா. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. பொம்பளப் பிள்ளை, நல்ல நிறம். ஆஸ்பத்திரியில இருந்து நேரா நம்ம வீடு, அதானே முறை. மருமகனும் சம்பந்தியம்மாவும் வந்து விட்டுட்டுப் போனாக. சம்பந்தியம்மா வாசல்ல நின்னு, பச்சப்பிள்ளை வந்திருக்கு சம்பந்தி, தண்ணி வெந்நி எல்லாம் தாராளமா இருக்கணுமேன்னா. நான் தொட்டி மூடியத் திறந்து காட்டினேன். குனிஞ்சு பாத்துட்டு உள்ள வந்து உக்காந்தா.

பிள்ளை பெத்தவளுக்குக் குளி எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். நொச்சி இலை போட்டுக் கொதிக்கக் கொதிக்க வச்சு, இடுப்புல ஓங்கி ஊத்தணும். நான் ஊத்தினேன். ஊத்தாம இல்ல. ஆனா ஊத்துத தண்ணி பூராவும் சாக்கடைக்குப் போனா மனசு பொறுக்குமா? ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பு வாங்கிட்டு வந்து, அதுக்குள்ள நின்னு குளிட்டின்னேன். அந்தத் தண்ணியில பிள்ளைத்துணியை முதல் அலசு அலசிக்கலாம், மிச்சம் வாழைக்கு. நல்ல யோசனைதானே? அவ, தையல் போட்ட வயிறும்மா, டப்புக்குள்ள காலைத் தூக்கி வைக்க முடியலன்னா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வைட்டின்னேன். வச்சா. வைக்க முடியாமலா வச்சா?

ராத்திரி ஃபேன் வேணும்னா. பச்சப்பிள்ளைக்கு ஃபேன் காத்து ஆகாது, விசிறி இருக்குன்னேன். இவுக இருக்காகளே, எங்க வீட்டுக்காரரு, வாயில விரல் வச்சா கடிக்கத் தெரியாத ஆளு, அவுக எந்திரிச்சு உக்காந்து பேத்திக்கு விசிறுவாக. ஒருதரம் அவுகளா போயி ஃபேனைப் போட்டுட்டாக. நான் எந்திரிச்சு அமத்தினேன். திரும்பப் படுத்துட்டாக.

தொட்டிக்கு ஒரு அளவுக்கம்பு வச்சிருக்கேன். சவுக்குக் கம்பு, சாண் சாணா வெட்டுக் குறி போட்டது. காலையில எந்திரிச்சு கோலம் போட்ட கையோட அதை உள்ள விட்டுப் பாக்காம நான் காப்பி குடிக்க மாட்டேன். செண்பகா வந்த முத வாரம் ஈரம் சடசடன்னு குறிக்குக் குறி இறங்குது. மழைக்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கே. சொன்னேன். யாருக்குச் சொல்லுதேன், எம் மகளுக்குத்தானே. ஏட்டி, தண்ணியப் பாத்து ஊத்துன்னு சொன்னேன். கம்பையே கொண்டு போயி கட்டிலுக்குப் பக்கத்துல காட்டினேன், எவ்வளவு இறங்கியிருக்கு பாருன்னு. பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தா. பாத்தா. பிள்ளையை அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டா.

ஆனா அதுக்குப் பிறகு அவ மாறிட்டா. நம்ப மாட்ட, அப்படி ஒரு மாத்தம். என்ன சொன்னாலும், சரிம்மா. டப்பைப் பத்தி முணங்கலே இல்ல. நான் கம்பெனிக்குப் போயிட்டு வந்து, குளிச்சியாட்டின்னா, குளிச்சிட்டேம்மா. பிள்ளைத்துணி அலசியாச்சா? அலசியாச்சும்மா. பிள்ளை மேல பவுடர் வாசம், அவ தலையில ஈரம், முகத்துல ஒரு தெளிவு. அளவுக்கம்பை விட்டுப் பாத்தா ஈரம் நின்ன இடத்துலயே நிக்கு. மறுநாளும் அப்படியே. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. என் பிள்ளை எனக்குத் தப்பாம பிறந்திருக்கான்னு செண்பகவல்லி அம்மனுக்கு மாலை வாங்கிப் போட்டேன். இன்னைக்கு நினைச்சா அந்த மாலைக் காசுதான் உறுத்துது.

கம்பெனியில சொன்னேன். தெருவுல சொன்னேன். எங்க மகளிர் குழுவுல எந்திரிச்சு நின்னே சொன்னேன், பிள்ளை பெத்தவ இருக்கிற வீடு, எந்தொட்டியில சாண் தண்ணி குறையலன்னு. ஒருத்தரும் நம்பல. வந்து பாருங்கடின்னேன். ஞாயித்துக்கிழமை மொத்தமா வந்துட்டாக. முறுக்கு, காப்பி எல்லாம் குடுத்து, தொட்டி மூடியைத் திறந்து, கம்பை உள்ள விட்டு எடுத்துக் காட்டுதேன். எல்லாரும் குனிஞ்சு பாக்காக. தலைவியம்மா, எப்படிக்கா முடியுதுன்னு கேக்கா. வளர்ப்பு அப்படின்னு சொல்லுதேன்.

அந்தச் சமயத்துல பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் காம்பவுண்டு சுவத்துக்கு மேல தலையை நீட்டினா. ஸ்கூல்ல இருந்து ரிட்டையர் ஆனவ, தனி ஆளு, போர் போட்ட வீடு, பாத்ரூம்ல கரண்ட் ஹீட்டரு, எந்நேரமும் மோட்டார் சத்தம் கேக்கும். கூட்டம் நிக்கது அவளுக்குத் தெரியல. செண்பகா, பிள்ளைத்துணி எல்லாம் காஞ்சிட்டு, இந்தா வாங்கிக்கோ, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன வந்துரு, வெந்நி போட்டு வைக்கேன்னு சொல்லிக்கிட்டே ஒரு கூடையை நீட்டுதா. கூடை நிறைய எம் பேத்தி துணி. அதுக்கு மேல எம் மக நைட்டி.

தொட்டி ஏன் குறையலன்னு அப்பதான் தெரியுது. நான் கம்பெனிக்குப் போயித் தலை மறைஞ்சதும், பின்வாசல் வழியா தினமும் அங்க போயிருக்கா. குளி அங்க, துவைக்கிறது அங்க, ஃபேனுக்கு அடியில பிள்ளைக்கு உறக்கம் அங்க. கொண்டு போயி விட்டது யாருன்னு நினைக்க? இவுகதான். பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால நடந்திருக்காக. நான் வரும்முன்ன கூட்டிட்டு வந்து படுக்க வச்சிருக்காக. ஒரு வீட்டுல ரெண்டு பேரும் சேந்து என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காக, நான் கோயிலுக்கு மாலை போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

குழுப் பொம்பளைக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. ஒருத்தி முந்தானையால வாயை மூடினா. அந்த முந்தானையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நான் என்ன செய்வேன், சொல்லு. வாசல்ல நின்னு கத்தினேன். உனக்குன்னுதானேட்டி இந்தத் தொட்டியைக் கட்டினேன், நீ அடுத்த வீட்டுல போயி குளிக்கியா, தாயை விட அவ உசத்தின்னா அங்கயே போயி இருந்துக்கோன்னு. அவ கதவுப் பக்கத்துல பிள்ளையோட நின்னா. அழுவான்னு பாத்தேன். அழல. அம்மா, எனக்குன்னு கட்டினதுல எனக்கு ஒரு வாளி கேக்கப் பயமா இருந்ததும்மான்னா. அவ்வளவுதான் சொன்னா. பயமாம். பெத்த தாய்கிட்ட பயமாம். நான் என்ன அவளை அடிச்சேனா, பட்டினி போட்டேனா? கம்பைக் காட்டினேன். அது தப்பா?

சாயங்காலம் கார் வந்து நிக்கு. மருமகனும் சம்பந்தியம்மாவும். யார் போன் போட்டதுன்னு கேட்டா இவுக தரையைப் பாக்காக. சம்பந்தியம்மா தேன் மாதிரி பேசுதா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சம்பந்தி, நாங்க பாத்துக்கிடுதோம்னு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவ, பாதியில எந்திரிச்சு மாமியார் வீட்டுக்குப் போனான்னு நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? எங்க தெருவுல கேள்விப்பட்டுட்டாக. எம் மூஞ்சியில கரியைப் பூசிட்டு கார்ல ஏறிட்டா. போகும்போது அந்த எஸ்தர் டீச்சர் வாசல்ல நின்னு கையைக் காட்டுதா, இவ கண்ணாடியை இறக்கி அவளுக்குக் கையைக் காட்டுதா. எனக்குக் காட்டினாளான்னு கேக்கியா? தெரியல. நான் தொட்டி மூடியைப் பூட்டிக்கிட்டு இருந்தேன்.

இப்போ வீடு வீடாவா இருக்கு? இவுக சாயங்காலமானா டீக்கடைக்குப் போயிருதாக. அங்க லைட் இருக்காம். நான் இருட்டுல உக்காந்திருக்கேன். தொட்டித் தண்ணி அப்படியே கிடக்கு. மாடியில பகல் பூரா கரண்ட் உண்டாகி வயர் வழியா ஊருக்குப் போகுது. பில்லு சைபர். யாருகிட்டயும் சொல்லவும் முடியல, சொன்னா அந்த முந்தானைதான் ஞாபகம் வருது.

ஆனா ஒண்ணு. இன்னைக்கு நான் யாருன்னு காட்டுவேன். சம்பந்தி வீட்டு முத்தத்துல, எல்லாரும் பாக்க, காலை நீட்டி உக்காந்து பேத்தியைக் கால்ல போட்டு, இந்தக் கேன் தண்ணி பூராவையும் ஊத்துவேன். டப்பெல்லாம் கிடையாது. ஓடட்டும், சாக்கடைக்கே ஓடட்டும். செண்பகா பாக்கட்டும். அந்தச் சம்பந்தியம்மா பாக்கட்டும், தாய் வீட்டுத் தண்ணி எப்படி இருக்கும்னு. அதுக்குப் பிறகு பிள்ளையைத் தொடைச்சு, பவுடர் போட்டு, நானே தூக்கித் தொட்டில்ல கிடத்துவேன். அப்புறம் அவ என்கூட வருவா. வராம எங்க போவா, பெத்தவல்லா கூப்பிடுதேன்.

இரு, போன் அடிக்கு. இவுகதான்.

ஆங், சொல்லுங்க. வந்துட்டேன், குறுக்குச்சாலை பக்கத்துல வந்துட்டேன். என்னது? சத்தமா பேசுங்க, மேளம் கேக்கு. என்னது முடிஞ்சிட்டு? எப்படி முடியும்? நான் வராம எப்படி? நேரம் போனா போகட்டுமே, ஒரு அரைமணி நேரம் எனக்காக நிக்கப்பிடாதா? யாரு கிடத்தினா? சம்பந்தியம்மாவா? அவ கிடத்தப்பிடாதே, தாய் வீட்டாளுல்லா கிடத்தணும். யாரு? இன்னொரு தரம் சொல்லுங்க. எஸ்தரா? அவ எப்படி அங்க வந்தா? உங்ககூடயா? எக்ஸ்பிரஸ்லயா? குளிப்பாட்டினதும் அவதானா?

ம். ம். பிள்ளை அழுதுச்சா? சிரிச்சுச்சா. சரி. வச்சிருங்க. வச்சிருங்கன்னேன்லா.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம் எனக்கு, உம் பாட்டிலை நீயே வச்சுக்கோ. காலையில எஸ்தர் டீச்சரையும் கூட்டிட்டு எக்ஸ்பிரஸ் ஏறியிருக்காக, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. செண்பகாதான் டீச்சரைக் கூப்பிட்டாளாம். நேரம் முடியப் போகுது, தாய் வீட்டு சார்புல யாராவது கிடத்தணுமேன்னு ஐயர் அவசரப்படுத்தினாராம். எம் மகளே பிள்ளையத் தூக்கி அவ கையில குடுத்தாளாம். எம் மகளே குடுத்தாளாம்மா. நான் கட்டின தொட்டி, நான் சுமந்த தண்ணி, நான் பெத்த பிள்ளை. கடைசியில அங்க நான் யாரு?

குறுக்குச்சாலை வந்துட்டு போல. எந்திரி. கேனை இறக்க ஒரு கை பிடி. மெதுவா, மெதுவா. பாத்தியா, கசிஞ்சு கசிஞ்சு என் சேலை பூரா நனைஞ்சு போச்சு. இங்கனயே கொட்டிட்டு அடுத்த வண்டியில வீட்டுக்குப் போயிரலாமான்னு இருக்கு. ஆனா எப்படிம்மா கொட்டுவேன்? மழைத்தண்ணில்லா. பிள்ளைக்கு நாளைக்கும் குளிக்க வேணும்லா, அந்தப் பொரி உப்புத்தண்ணியில ஆறாது. வாசல்ல வச்சுட்டாவது வாரேன்.

அந்தா நிக்குதே, அது தூத்துக்குடிதானே? எக்ஸ்பிரஸ்ஸா? ஏறுனா சாப்பாட்டு நேரத்துக்குள்ள கொண்டு போயி விட்டிருவானா? அப்படியா. ஒரு இலை போட்டு வைக்கத்தான் செய்வாக. இல்ல, வேண்டாம்மா, அது போகட்டும். காசு குடுத்து ஏறி இனி எங்க போயி முந்தப் போறேன். நீ போ, உனக்கு நேரமாகுது. நான் இங்கன கேன் மேல உக்காந்திருக்கேன், டவுன் பஸ் வரட்டும்.